செம்பெடாக் என்பது கூழன் சக்கைதானா?

கேள்வி, ஜூன் 12
இங்க மலேசியாவில, பாகான் செராய் பசார் மாலாமில் (ராத்திரிச் சந்தை) இன்னைக்கு ‘செம்பெடாக்’னு ஒண்ணு வித்தாங்க. ரெண்டு கிலோவில் ஒரு பழம் வாங்கினேன். வெட்டிப் பார்த்தா எங்க மார்த்தாண்டத்துக் கூழன் சக்கையேதான். குட்டியா இருக்கு, கொழகொழன்னு இருக்கு, கத்தி முழுக்கப் பிசின், பாதிச் சுளை நசுங்கிப்போச்சு. பேரை மாத்தி விக்கிறாங்களா, இல்ல அழுகினதைத் தலையில கட்டிட்டாங்களா?

பதில், ஜூன் 12, இரவு 9.40
ரெண்டும் இல்லை தங்கச்சி. பலாவை வெட்டுகிற மாதிரி இதை வெட்டியதுதான் கோளாறு.

கூழன் என்று தோன்றியது நியாயம்தான். கெட்டிச் சுளை வருக்கைப் பலாவின் கடிப்பு இல்லாமல் வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்குவது இரண்டுக்கும் பொது. ஆனால் கூழன் பலாவிலேயே ஒரு வகை. தாவரப் பெயர் ஆர்ட்டோகார்ப்பஸ் ஹெட்டிரோஃபில்லஸ். செம்பெடாக் வேறு இனம், ஆர்ட்டோகார்ப்பஸ் இன்டெகர். ஈரப்பலாவும் இந்த வகையறாதான், எல்லாரும் பங்காளிகள். பலாவுக்குப் பூர்வீகம் மேற்குத் தொடர்ச்சி மலைப் பக்கம். இதற்குப் பூர்வீகம் இந்த மலாய்த் தீபகற்பம், சுமத்ரா, போர்னியோ.

வித்தியாசம் தெரிய நாக்கு வேண்டாம், கை போதும். கூழனில் சுளை தோலோடும் நாரோடும் ஒட்டிக்கொண்டு பிய்யும். பழுத்த செம்பெடாக்கில் தோலை விரித்துக் காம்பைப் பிடித்து இழுத்தால், நடுத்தண்டோடு எல்லாச் சுளையும் திராட்சைக் குலை மாதிரி ஒரே கொத்தாக வெளியே வரும். தோல் வெறும் கூடாகக் கீழே கிடக்கும்.

ஜூன் 13
பிரிக்கும் முறையைக் கேட்டிருக்கிறார்கள். பாராங் என்கிற வெட்டுக்கத்தி வேண்டாம், சின்னப் பழக்கத்தி போதும். கத்திக்கும் இரண்டு கைக்கும் தேங்காய் எண்ணெய் தடவி, கீழே பழைய பேப்பர் விரித்துக்கொள்ளுங்கள். காம்படியிலிருந்து நுனி வரை நீளவாட்டில் ஒரே ஒரு கீறல். தோல் கனம் மட்டுமே, அரை சென்டிமீட்டரிலிருந்து ஒன்று வரை. அதற்கு மேல் இறங்கினால் சுளை கிழியும், கொட்டையில் கத்தி முட்டும். பிறகு கத்தியைத் தூரப் போட்டுவிட்டு, இரண்டு கட்டைவிரலையும் கீறலுக்குள் விட்டுப் புத்தகம் விரிப்பதுபோல் விரிக்க வேண்டும். விரியாமல் முரண்டு பிடித்தால் பழம் இன்னும் ஒரு நாள் இருக்கலாம் என்று அர்த்தம். அப்போது பலவந்தம் செய்தால்தான் நீங்கள் சொன்ன நசுங்கல்.

குறுக்கே வட்டமாக அறுப்பது பலாவுக்குச் சரி. இதில் அப்படி அறுத்தால் ஒரு வெட்டுக்குப் பத்துச் சுளை பாதிபாதியாகும்.

ஜூன் 13, சற்று நேரம் கழித்து
பிசின் ஒட்டிவிட்டால் முதலில் சோப்பு போடாதீர்கள். தண்ணீருக்கு அது இறுகும். முதலில் எண்ணெய் விட்டுத் தேய்த்து, பேப்பரில் துடைத்து, அதன் பிறகு சோப்பு. தோட்டத்து லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்த காலம் உண்டு. கத்திக்கு அது சரி, சாப்பிடுகிற கைக்கு வேண்டாம்.

ஜூன் 15
எப்படிப் பார்த்து வாங்குவது?

மூக்கால்தான். காம்புப் பக்கத்தை முகர்ந்தால் வாசனை அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் காய். காயாக இருப்பது குற்றமில்லை. முற்றிய காய் வீட்டில் இரண்டு மூன்று நாளில் பழுக்கும். முற்றாமல் பறித்தது பழுக்காது, சும்மா மெத்தென்று ஆகி வெளிறிப்போகும். முற்றலுக்கு அடையாளம், தோலின் முட்கள் கூர் மழுங்கித் தட்டையாகப் பரவியிருப்பது. பச்சை மங்கி மஞ்சளும் மண்நிறமும் ஏறும். பெருவிரலால் அமுக்கினால் லேசாக உள்ளே போகும். காம்பில் பால் கெட்டியாக வெள்ளையாக வடிந்தால் பறிக்க அவசரப்பட்டிருக்கிறார்கள்.

சிறு துளையும் அதைச் சுற்றிக் கருத்த கசிவும் இருந்தால் புழு. விலை பேசாமல் நகர்ந்துவிடுங்கள்.

இடுப்பு ஒடுங்கி, ஒரு பக்கம் பெருத்து, கோணலாக இருக்கும் பழத்தைச் சிலர் ஒதுக்குவார்கள். அது நோய் இல்லை. இந்தப் பழம் ஒரு பூ அல்ல, நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாக ஒட்டி வளர்ந்தது. மகரந்தம் சேர்ந்த பூ சுளையாகும், சேராத பூ நாராக நின்றுவிடும். ஒடுங்கிய இடத்தில் நார்தான் இருக்கும். ஆகவே கெட்ட பழம் இல்லை, ஆனால் கிலோவுக்குக் காசு கொடுத்து நாரை வாங்குகிறீர்கள். ஒழுங்காக உருண்டு நீண்டதே லாபம். நல்ல பழத்திலும் தோல், நார், தண்டு எல்லாம் போகத்தான் சுளை.

ஜூன் 16
"வாசனை இல்லை, நாத்தம்" என்று ஒருவர் திருத்தியிருக்கிறார். சரி, நாத்தம். இதன் மணத்தில் ஐசோவாலரிக் அமிலம் கணிசமாக உண்டு. வியர்த்த காலுறையிலும் முற்றிய பாலாடைக்கட்டியிலும் இருப்பது அதே சாமான். அதோடு பழ மணமும் சேர்வதால்தான் ஒருவருக்கு அமிர்தம், இன்னொருவருக்கு அடைத்துவைத்த சப்பாத்துப் பெட்டி. வாயில் போட்ட பிறகு அது பெரும்பாலும் அடங்கிவிடும். தேனும் மாம்பழமும் கொஞ்சம் டுரியானும் கலந்த இனிப்புதான் மிஞ்சும்.

முதல்முறை சாப்பிடுபவருக்கு: பிரித்த சுளையை மூடி போட்ட டப்பாவில் இரண்டு மணி நேரம் ஐஸ் பெட்டியில் வையுங்கள். குளிர்ந்தால் நெடி பாதியாகும், வழவழப்பும் குறையும். மூடி இறுக்கமாக இருக்கட்டும். இல்லாவிட்டால் மறுநாள் பாலும் வெண்ணெயும் செம்பெடாக்தான்.

ஜூன் 18
ஒரு குறிப்பு. இணையத்தில் தாவரப் பெயரை வைத்துத் தேடுபவர்கள் குழம்புவார்கள். பழைய இந்தியத் தாவர நூல்களில் பலாவுக்கே ‘இன்டெக்ரிஃபோலியா’ என்று பெயர் போட்டிருக்கும். அது ‘இன்டெகர்’ மாதிரியே ஒலிப்பதால் இரண்டின் தகவலும் கலந்துவரும். முப்பது கிலோ செம்பெடாக் என்று எங்காவது படித்தால் அது பலா. செம்பெடாக் பெரும்பாலும் ஒன்றிலிருந்து மூன்று கிலோவுக்குள் நின்றுவிடும்.

ஜூன் 21
மழை நாள். எல்லாரும் கோரேங் கேட்கிறார்கள், அதாவது மாவில் தோய்த்துப் பொரித்த சுளை.

முப்பது சுளைக்கு: மைதா 120 கிராம், அரிசி மாவு 40 கிராம், மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி, உப்பு அரைத் தேக்கரண்டி, தண்ணீர் 170 முதல் 180 மில்லி. வெற்றிலைச் சுண்ணாம்பு பாதிப் பட்டாணி அளவு கரைத்துவிட்டால் மொறுமொறுப்பு நிற்கும். அதற்கு மேல் போட்டால் கசக்கும். சீனி வேண்டவே வேண்டாம். சுளையில் இருக்கிற இனிப்பே எண்ணெயில் கருகத் துடிக்கும்.

கொட்டையோடுதான் பொரிப்பது. கொட்டையை எடுத்தால் சுளை துணி மாதிரி தொய்ந்து, மாவுக்குள் பிடிமானம் இல்லாமல் எண்ணெய் குடிக்கும். சுளையைக் கழுவாதீர்கள், ஈரம் இருந்தால் எண்ணெய் தெறிக்கும். மாவு, கரண்டியின் முதுகில் மெல்லிய போர்வையாக ஒட்ட வேண்டும். கெட்டியானால் உள்ளே வேகாத மாவுப்படலம் நிற்கும். நடுத்தரச் சூட்டில் மூன்று நிமிடம்.

ஜூன் 22
மூன்று நிமிடம் என்று எழுதியது தப்பு. கோரேங் கடை போட்டிருக்கும் ஒரு அக்கா சொல்லியிருப்பதை அப்படியே போடுகிறேன்: "மூணு நிமிஷத்துல மாவுதான் வேகும். கொட்டை பச்சையா நறுக்நறுக்குன்னு நிக்கும். சாப்பிடுறவங்க துப்பிட்டுப் போவாங்க. தீயைக் குறைச்சு ஆறு நிமிஷம், கடைசியில் கூட்டி ஒரு நிமிஷம்."

அவர் சொல்வதே சரி. முதல் சூடு 160 டிகிரி அளவில், கடைசிச் சூடு 180. வெப்பமானி இல்லாதவர்கள் ஒரு சொட்டு மாவை விட்டுப் பாருங்கள். அடியில் போய் நிதானமாக மிதந்து வந்தால் முதல் சூடு. விட்டதும் சடசடவென்று மேலே வந்தால் கடைசிச் சூடு. சட்டியில் ஒரே நேரத்தில் பத்துக்கு மேல் போட்டால் எண்ணெய் ஆறிப்போய்ச் சுளை குடித்துவிடும். கொட்டை வெந்திருந்தால் வேகவைத்த கச்சான் (நிலக்கடலை) மாதிரி மாவாக உடையும்.

முதலில் ஆவியில் வைத்துவிட்டுப் பொரிக்கலாமா என்று ஒருவர் கேட்டார். கொட்டை வேகும், சுளை கூழாகும். லாபமில்லை.

கோரேங்குக்கு முழுக்கப் பழுத்த பழம் வேண்டாம். முழுக்கப் பழுப்பதற்கு ஒரு நாள் முந்தின பழமே சட்டியில் நிற்கும். கையால் தின்ன முழுப்பழுப்பு, சட்டிக்கு முக்கால் பழுப்பு.

ஜூன் 24
கையால் தின்று மிஞ்சிய கொட்டையை எறியாதீர்கள். பச்சையாகவும் தின்னக் கூடாது. செரிமானத்தைத் தடுக்கிற பொருள்கள் அதில் உண்டு, வெந்தால் அடங்கும். மலாயாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்தக் கொட்டையிலிருந்து லெக்டின் என்ற புரதத்தைப் பிரித்து, மனித ரத்தத்து எதிர்ப்புப் புரதங்களைப் பிரித்தறியும் சோதனைகளுக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள். சோதனைக்கூடத்துக்கு அது வரம், வயிற்றுக்கு இல்லை.

உப்புத் தண்ணீரில் 25 முதல் 30 நிமிடம் கொதிக்கவிட்டால் வெள்ளைத் தோல் தானே உரியும். பலாக்கொட்டையை விடச் சிறிது, சீக்கிரம் வேகும். கத்தரிக்காய் போட்ட கருவாட்டுக் குழம்பில் பலாக்கொட்டைக்குப் பதில் போட்டால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. முதலிலேயே வேகவைத்துப் பிறகு குழம்பில் சேருங்கள். புளி சேர்ந்தபின் போட்டால் கொட்டை இறுகி நின்றுவிடும்.

ஜூன் 29
தோலையும் விடாதவர்கள் இருக்கிறார்கள். நம்ம கிரியான் வட்டாரத்தில் பஞ்சார் மக்கள் கணிசம், அவர்களின் பூர்வீகம் போர்னியோவின் தென்பகுதி. அவர்கள் செய்வது ‘மண்டாய்’. முள் உள்ள வெளித்தோலை வழுக்கைத் தேங்காய் சீவுவதுபோல் சீவித் தள்ளிவிட்டு, உள்ளே இருக்கும் வெள்ளைச் சதையை விரல் நீளத்துக்கு நறுக்குவது. கொதித்து ஆறிய தண்ணீர் ஒரு லிட்டருக்கு உப்பு 50 கிராமுக்குக் குறையாமல் கரைத்து, துண்டுகள் முழுக்க மூழ்கும்படி கண்ணாடிப் போத்தலில் ஊற்றி, மேலே ஒரு சின்னத் தட்டைக் கனமாக வைத்துவிடுவது. மூன்று நான்கு நாளில் புளிப்பு ஏறும், வாரக்கணக்கிலும் விடலாம். தண்ணீருக்கு மேலே தலை நீட்டிய துண்டில்தான் பூஞ்சணம் வரும். வந்தால் அந்தப் போத்தலையே கொட்டிவிடுங்கள்.

சாப்பிடும்போது அலசிப் பிழிந்து, எண்ணெயில் பொன்னிறமாகப் பொரித்து, சின்ன வெங்காயம், பூண்டு, காய்ந்த மிளகாயோடு வதக்க வேண்டும். இறைச்சி மாதிரி நார்நாராகக் கடிபடும். சைவ விரதக்காரர்களுக்குச் சொல்லாமல் பரிமாறினால் சண்டை வரும்.

ஜூலை 3
"பழம் இல்லாத காலத்தில் மரத்தை எப்படிக் கண்டுபிடிப்பது, பலா மாதிரியே இருக்கிறதே?"

இளங்கொழுந்தையும் இலையின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். செம்பெடாக்கில் பழுப்பு நிறத்தில் முரட்டு மயிர் நிற்கும், கைக்கு உரசும். பலா வழவழப்பு. காட்டில் ‘பாங்கோங்’ என்று ஒரு வகை உண்டு. செம்பெடாக்கின் காட்டு உருவம், மயிரும் குறைவு, நெடியும் குறைவு. நாற்றுக் கடைக்காரர் ‘நங்காடாக்’ என்று நீட்டினால் அது நங்காவையும் (பலாவின் மலாய்ப் பெயர்) செம்பெடாக்கையும் கலந்த கலப்பினம். பழம் பெரிது, நெடி மட்டு. நெடிக்குப் பயந்தவர்களுக்கு நல்ல பாலம். நெடிக்காகவே வாங்குபவர்களுக்கு ஏமாற்றம்.

விவசாயத் துறை பதிவு செய்த ரகங்களுக்கு எழுத்தும் எண்ணும் இருக்கும். டுரியானுக்கு டி24, நங்காவுக்கு ஜே33, செம்பெடாக்குக்கு சிஎச்28 என்கிற மாதிரி. எண் இல்லாமல் ‘நல்ல ரகம்’ என்று மட்டும் சொல்லும் கன்றுக்கு அதிகக் காசு கொடுக்காதீர்கள்.

ஜூலை 7
படம் அனுப்பியவருக்கு. மரத்தில் விரல் நீளப் பிஞ்சுகள் கருத்து, மேலே பூஞ்சணம் பிடித்து உதிர்கின்றன, மருந்து அடிக்கலாமா என்கிறீர்கள். அடிக்காதீர்கள்! அவை பிஞ்சு அல்ல, ஆண் பூக்கதிர்.

ஒரே மரத்தில் ஆண் கதிரும் பெண் கதிரும் தனித்தனியாக வரும். ஆண் கதிர் 3 முதல் 5 சென்டிமீட்டர் நீளம், ஒல்லி, மகரந்தம் விட்டதும் வேலை முடிந்து விழும். பெண் கதிர் தடிப்பு, நூல்நூலாகச் சூல்முடி நீட்டியிருக்கும், அதுதான் பழமாகும். அந்தப் பூஞ்சணத்துக்கும் வேலை இருக்கிறது. சரவாக் காட்டில் செய்து 2000-ஆம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று இதைக் காட்டியது: ஆண் கதிரில் வளரும் பூஞ்சையைத் தின்னவும் அதில் முட்டையிடவும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு வகைச் சிற்றீ வருகிறது. உடம்பில் மகரந்தம் ஒட்டிக்கொண்டு, அதேபோல் மணக்கும் பெண் கதிருக்கும் போய்விடுகிறது. பூஞ்சைக்கு மருந்து அடித்தால் ஈக்குச் சாப்பாடு போச்சு, உங்களுக்குச் சுளை போச்சு. அப்புறம் பழம் முழுக்க அந்த ஒடுங்கிய இடுப்புதான்.

ஜூலை 8
மகரந்தம் சேர்க்கத் தேனீப் பெட்டி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டார். இல்லை, பலன் இராது. மேலே சொன்ன ஈ வேறு.

ஜூலை 15
பழ ஈ, அணில், மூசாங் என்கிற மரநாய் மூன்றுக்கும் ஒரே மருந்து உறை போடுவது. பிஞ்சு கைமுட்டி அளவானதும் போட வேண்டும். ஈ முட்டையிட்ட பிறகு உறை போட்டால் புழுவுக்கு வீடு கட்டிக்கொடுத்த மாதிரி. கம்போங்கில் (மலாய்க் கிராமத்தில்) தென்னோலையில் முடைந்த கூடைதான் பழைய வழக்கம். காற்று போகும், மழைநீர் வடியும், பழம் பெருக்கப் பெருக்க ஓலையும் விரிந்து கொடுக்கும். முடையத் தெரியாதவர்கள் பழைய அரிசிச் சாக்கைத் தைத்துக் கட்டுகிறார்கள், அதுவும் பரவாயில்லை. பிளாஸ்டிக் பை என்றால் கீழ் மூலை இரண்டையும் வெட்டிவிடுங்கள். வெட்டாத பையில் தண்ணீர் தேங்கிப் பழத்தின் நுனி முதலில் அழுகும். கட்டிய தேதியைப் பையில் மையால் எழுதிவைத்தால் மூக்கை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

பள்ளிக்கூடத்தில் படித்த மலாய் பந்துன் (நாலடிப் பாட்டு) ஒன்று எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும்: வேலிக்கு வெளியே செம்பெடாக், கம்பை எடுத்துத் தட்டிக்கொடு என்று தொடங்குமே, அது. பாட்டுக்கு நன்றாக இருக்கிறது, பழத்துக்கு ஆகாது. தட்டி விழுந்த பழம் வெடித்துவிடும். உயரக் கிளையில் இருந்தால் காம்பில் கயிறு கட்டி அறுத்து இறக்க வேண்டும், அல்லது கம்பு நுனியில் சாக்குப் பை.

ஜூலை 20
கொட்டையிலிருந்து வளர்க்க நினைப்பவர்களுக்கு: காயவைக்கக் கூடாது. காய்ந்தால் உயிர் போய்விடும். சுளையைக் கழுவி எடுத்ததும், அந்த வாரத்துக்குள், படுக்கைவாட்டில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழத்தில் ஊன்றுங்கள். ஆணிவேர் நேராக இறங்கும், ஆழமான பை வேண்டும். அடியில் சுருண்டுவிட்ட வேர் பிறகு நிமிராது. மரம் 15 மீட்டருக்கு மேல் போகக்கூடியது, ஆகவே மரத்துக்கு மரம் எட்டிலிருந்து பத்து மீட்டர் விடுங்கள். லயத்து வீட்டுப் பின்கட்டில் ஒன்றுக்கு மேல் ஆசைப்படாதீர்கள். ஒட்டுக் கன்று என்றால் சீக்கிரம் காய்க்கும், தாய் மரத்து ருசி மாறாது. கொட்டைக் கன்றில் என்ன வரும் என்பது சீட்டுக் குலுக்கல்.

நம்ம ஊர் மண் நெல் வயல் களிமண், தண்ணீர் மேலேயே நிற்கும். மேடு கட்டி நடாவிட்டால் செத்துவிடும்.

ஜூலை 26
"செத்துவிடும்" என்றது பலாவின் கணக்கு. இந்த இழையில் மற்றவர்களுக்குச் சொன்ன தப்பை நானே செய்திருக்கிறேன். பலாவின் வேர் தண்ணீரில் நின்றால் தாங்காது. செம்பெடாக் அவ்வப்போது வெள்ளம் வந்தாலும், புளிப்பேறிய சதுப்புத் தண்ணீரே வந்தாலும் தாங்கிக்கொள்ளும். வடிகால் உள்ள மண்ணில்தான் நன்றாகக் காய்க்கும் என்பது உண்மை, அதனால் மேடு கட்டுவது வீணாகாது. கட்டாதவர் மரத்தைப் பிடுங்கவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 9
கேள்வி கேட்ட தங்கச்சி மறுபடி எழுதியிருக்கிறார்: "நீளமாக் கீறினேன், கொத்தா வந்துச்சு. வீட்டுக்காரர் கோரேங் கேட்கிறார், ஆனா சீசன் முடியப்போகுதாமே?"

ஆமாம், பெரிய போகம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை. வருடக் கடைசியில் சின்னதாக ஒன்று வரலாம், அதை நம்பி இருக்க வேண்டாம். இப்போதே சுளையைக் கொட்டையோடு தட்டில் ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பரப்பி உறையவைத்து, பிறகு பையில் அள்ளிப் போட்டு, காற்றைப் பிதுக்கிக் கட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மாதம் நிற்கும். பச்சையாகத் தின்ன அது உதவாது, உருகினால் தொளதொளத்துவிடும். கோரேங்குக்கு மட்டும்.

ஆகஸ்ட் 9, கூடவே
பொரிக்கும்முன் பாதி உருகவிட்டு, மேலே பூத்த தண்ணீரைத் துணியால் ஒற்றி எடுங்கள். கல் மாதிரி உறைந்ததை அப்படியே சட்டியில் போட்டால் எண்ணெய் கூரை வரைக்கும் போகும்.